லாரி நின்ற வரிசையில் ஒரு சாவி

இன்று காலை என் சொந்த டிஸ்க்கே என்னை வாசலில் நிற்க வைத்துவிட்டது!

உலகத்து உளவாளிகள் அத்தனை பேரும் கூடி வந்தாலும் திறக்க முடியாதபடி அதைப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய மாவீரன் நான். (அந்த உளவாளிகளோடு நானும் வரிசையில் நிற்பேன் என்று யார் கண்டது?)

உள்ளே இருப்பது எங்கள் சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்துத் திருவிழா வீடியோ. இரவல் கேமராவில் நான் எடுத்த உலக மகா காவியம். பாதி நேரம் என் கட்டைவிரல்தான் கதாநாயகன்!

ஆனால் அதில் மணியத்தின் அம்மா நடக்கிறார், பேசுகிறார்.

மணியம் என் பள்ளிக்கூடத் தோழன். அம்மா போய்ப் பல வருஷமாயிற்று. அவர் குரல் மிச்சமிருப்பது இதில் மட்டும்தான். பழைய டேப்பைப் பூஞ்சணம் தின்றுவிட்டது.

"மக கல்யாணத்துக்கு முன்னால அம்மா குரல ஒரு தடவ கேக்கணும்டா" என்று மெர்கோங்கிலிருந்து காரை விரட்டி வந்து என் ஹாலில் உட்கார்ந்துவிட்டான்.

பாஸ்வேர்டா தெரியாது எனக்கு? எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போன தோட்டத்து லாரி நிற்கும் இடங்கள், வரிசையாக! மேல் லயம் (எங்கள் வீட்டு வரிசை), கோயில், தண்ணி டாங்கி, பால் ஸ்டோர் (ரப்பர் பால்தான்!), முச்சந்தி.

அடித்தேன். டிஸ்க் சாவகாசமாக யோசித்து, தவறு என்றது.

மகளைக் கூப்பிட்டேன். (கூலிம் ஹைடெக் பூங்காவில் இன்ஜினியர். வீட்டில் என் டிவி ரிமோட்டுக்கும் அவளே.)

"உள்ளுக்குத்தானே பாஸ்வேர்ட் இருக்கும்? எட்டிப் பாத்துச் சொல்லும்மா!"

"உள்ள பாஸ்வேர்டே இல்லலா, அப்பா! நீங்க டைப் பண்றதோட கொஞ்சம் உப்பு போட்டு..."

"உப்பா?"

"அதுவா ஒரு நம்பரக் கலக்கும், அதுக்குப் பேரு உப்பு. கலந்து லட்சக்கணக்கான தடவ அரைக்கும். கடைசியில வர்ற மாவுதான் சாவி. ஒவ்வொரு தடவையும் புதுசா அரைக்கணும்."

"அதான் இவ்ளோ ஸ்லோவா?"

"வேணும்னேதான்! ஊகிச்சுப் பாக்குற திருடனும் ஒவ்வொரு தடவையும் அரைச்சே சாகட்டும்னு!"

மணியம் மெல்லக் கேட்டான். "பேரெல்லாம் சரி, வரிசை மட்டும் மாறினா?"

"சுத்தமா வேற சாவி, அங்கிள். கிட்ட வந்துட்டோம்னுகூட சொல்லாது."

அவன் முகம் வாடிவிட்டது. நான் "மேல் லயம்..." என்று சொல்லிக்கொண்டே மறுபடி அடிக்கப் போனேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்த மணியம் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"டேய், என்னா மேல் லயத்துல ஆரம்பிக்கிற?"

"லாரி அங்கேருந்துதானே கிளம்பும்?"

"காலையில எவன்டா பேரு சொன்னான்? தூங்கிக்கிட்டுல்ல போனோம்! திரும்பி வர்றப்பதானே கத்துவோம்! கத்தலன்னா டிரைவர் நிறுத்த மாட்டாரே!"

அட, ஆமாம்!

ரப்பர் மரங்களுக்கு நடுவே, செம்மண் தூசியில், ஒவ்வொரு இடம் வரும்போதும் லாரியே அதிரக் கத்துவோம். (தாய்லாந்து எல்லையில் மாடுகள் மிரண்டு ஓடியதாகத் தகவல்!) இடத்துக்கு இடம் ஆள் குறையும், சத்தமும் குறையும். "மேல் லயம்!" என்று கத்த நானும் மணியமும் மட்டும்தான் மிச்சம்.

அங்கே அவன் அம்மா நின்றுகொண்டிருப்பார்.

மணியமே டைப் செய்தான். முச்சந்தி, பால் ஸ்டோர், தண்ணி டாங்கி, கோயில், மேல் லயம்.

டிஸ்க் அரைத்தது. அரைத்தது.

திறந்தது!

என் கட்டைவிரல் விலக, அம்மா நேராகக் கேமராவைப் பார்த்தார்.

"ஏண்டா, என் மவன வெட்டியா சுத்த வச்சது பத்தாதுன்னு, பொட்டியத் தூக்கிக்கிட்டு என்னையும் புடிக்க வந்துட்டியா?"

மணியம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "இன்னொரு தடவ போடுடா. உன்னத் திட்டுறது எவ்வளவு நல்லாருக்கு!"

போட்டேன். மத்தியானம் வரை திட்டு வாங்கினேன், பரம சந்தோஷமாக!

உங்கள் லாரி கடைசியாக எங்கே நின்றது, மக்களே? அங்கே யார் காத்திருந்தார்கள்?

(அதையே பாஸ்வேர்டாக வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கமெண்ட் போட வேண்டாம். நான் என்னுடையதை மாற்றிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்!)