தேசிய கீதம் முடிந்து தொடங்கிய பேச்சு

போன ஞாயிறு திருவண்ணாமலையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டம். தேசிய கீதம் ஒலித்தது. எழுந்து நின்றேன். முடிந்ததும் வெளியே வந்து செருப்பைத் தேடினேன்...

பிறகுதான் உறைத்தது — கூட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை!

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதலில் தமிழ்த்தாய் வாழ்த்து. தேசிய கீதம் கடைசியில். அது கேட்டால் வீட்டுக்குப் போகலாம், பள்ளியில் பழகியது. அன்றைய தலைவரோ செங்கம் ரோட்டில் தங்கியிருக்கும் வடநாட்டுக்காரர், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. "முதலில் அதுதானே முறை?" என்றார். கேசட்டைப் போட்டுவிட்டார்கள். பாதி ஹால் காலி.

மாட்டிக்கொண்டவர் மல்லிகா. கீழ்பென்னாத்தூர் ஆசிரியை. முதல் மேடை. தலைப்பு? தேசிய கீதம் பிறந்த கதையும் பொருளும்! மருமகள் மேடையேறுவதில் மாமனாருக்கு இஷ்டமில்லை. "ஒரு தடவை கேட்டுட்டு, இனிமே பேசலாமா வேண்டாமான்னு சொல்றேன்" என்று வந்திருந்தார். அவரையும் காணோம்.

மல்லிகா பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். பின்னாலேயே நானும். ஊர் பஸ்ஸில் ஜன்னலோரம் மாமனார். பக்கத்து சீட்டில் அவர் துண்டு. சுற்றிலும் ஹாலிலிருந்து கிளம்பி வந்த எங்கள் கூட்டம்.

"ஏன் மாமா வந்துட்டீங்க?"

"பாட்டு போட்டுட்டாங்களேம்மா. உனக்கும் இடம் போட்டு வச்சிருக்கேன். ஆமா, நீ பேசவே இல்லியே... பயந்துட்டியா?"

"பயமா? இங்கயே பேசறேன், கேளுங்க."

பேசினார். எழுதப்பட்டது வங்க மொழியில். மொத்தம் ஐந்து பத்தி, நாம் பாடுவது முதல் பத்தி மட்டும். முதல் குடியரசு நாளுக்கு இரண்டு நாள் முன்புதான் தேசிய கீதமானது. மக்கள் மனங்களை ஆள்பவருக்கு வெற்றி என்பது பொருள்...

"யாரு, பிரதமரா?" என்றார் மாமனார்.

"இல்ல மாமா, கடவுள்னு வச்சுக்குங்க."

"அப்ப நம்ம அண்ணாமலையாரா?"

"யாரா இருந்தா என்னய்யா, டிக்கெட்ட வாங்கு!" என்றார் கண்டக்டர்.

மல்லிகா டிக்கெட்டுக்குச் சில்லறை எடுத்தார். எனக்குள் அந்தக் கேள்வி ஓடியது. இத்தனை வருஷம் யாருக்கு ஜெயம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

"புரிஞ்ச மாதிரியும் இருக்கு, புரியாத மாதிரியும் இருக்கு," என்றார் மாமனார். "அடுத்த மீட்டிங்ல இன்னும் கொஞ்சம் விளக்கமா பேசு."

அடுத்த மீட்டிங்! மல்லிகா என்னைப் பார்த்தார்.

"சரி, இப்ப அந்தப் பாட்டைப் பாடிடும்மா. இல்லன்னா முடிஞ்ச மாதிரியே இல்ல."

பாடினோம். பஸ்ஸே எழுந்து நின்றது. முடிந்து திரும்பினால் மாமனாரின் ஜன்னலோரத்தில் வேறொருவர். மிச்சம் துண்டு போட்ட சீட் மட்டும்.

"நீங்க உக்காருங்க மாமா."

"பேசினவ நீ. உக்காரு."

பஸ் கிளம்பியது. அன்று அதிக நேரம் எழுந்து நின்றவர் அவர்தான்.