மாடி அறையின் உயரம்

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளிடம் தெரு ரகசியம் எதுவும் தப்பாது. வாடகைக்கு விடும் ஒவ்வொரு அறையையும் அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்று சட்டம் வந்த நாளிலிருந்து, வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் படிவத்தைத் தூக்கிக்கொண்டு இந்த ஜெராக்ஸ் அக்காவிடம்தான் வந்தார்கள். கையெழுத்து விட்டுப்போனதையும் ஜன்னல் அளவைத் தப்பாக எழுதியதையும் அவளே பிடித்துக் கொடுப்பாள். படிவம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

அப்பேர்ப்பட்ட மகராசி தன் வீட்டு மாடி அறையை மட்டும் பதியவில்லை.

குடியிருக்கும் அறை ஏழடி உயரமாவது இருக்க வேண்டும் என்பது விதி. மாடியில் இருப்பவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து, செய்யக்கூடாத காரியம்தான், சாவி போட்டுத் திறந்து, ஸ்டூல் மேல் ஏறி அளந்து பார்த்தாள். ஆறே முக்கால் அடி. எதிர்வீட்டு அறை இதே காரணத்தால் தள்ளுபடியாகி, 'இனி இங்கே யாரும் குடியிருக்கக் கூடாது' என்று வந்த கடிதத்துக்கு நகல் எடுத்துக் கொடுத்தவளே அவள்தான்.

மாடியில் இருப்பவர் லிஃப்ட் மெக்கானிக். அளந்து பேசுகிற ஆள். பதினோரு வருஷமாக இருக்கிறார். புருஷன் போன பிறகு அந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே துணை, சாயங்காலமானால் தலைக்கு மேலே கேட்கும் அவருடைய காலடிச் சத்தம்தான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் தெரு வேறு கதை கட்டிவிடும்.

பதிவுக்கான கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருக்கையில், அறைகளைச் சோதிக்கும் ஆய்வாளர் அம்மாள் வந்து நின்றார்.

"மாடி அறையைப் பார்க்கணும். குடியிருக்கிறவரே மனு போட்டிருக்கார்."

குடியிருப்பவரும் மனுப் போடலாம் என்று படிவத்தின் நாலாம் பக்கத்தில் இருப்பது அவளுக்குத் தெரியாததா? ஆனால் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ஆய்வாளர் கையிலிருந்த நகலில் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. தெருமுனையில் இருக்கும் இன்னொரு ஜெராக்ஸ் கடை மெஷினின் கோடு. பதினோரு வருஷம் இங்கே இருந்துகொண்டு அங்கே போயிருக்கிறார் மனுஷன்!

மெக்கானிக் லீவு போட்டு, சவரம் செய்துகொண்டு, மாடி அறையில் விறைத்து நின்றிருந்தார். ஆய்வாளர் ஒரு சின்னக் கருவியைத் தரையில் வைத்து அமுக்கினார். கூரையில் சிவப்புப் புள்ளி விழுந்தது.

"ஏழடி ரெண்டு அங்குலம்."

"நல்லாப் பாருங்க, ஆறே முக்கால்தான்!" வாய் முந்திக்கொண்டது. பிறகு நாக்கைக் கடித்து என்ன பிரயோஜனம்?

"எங்க பிடிச்சு அளந்தீங்க?"

அவள் கையைக் காட்டினாள்.

"அது உத்தரம்மா. அதை விட்டுட்டுத்தான் அளக்கணும்."

"படிவத்துல அப்படி இல்லையே!"

"எங்க கையேட்டுல இருக்கு."

ஒரு கட்டைக்காக ஆறு மாசம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது போன உயிர் திரும்பி வந்தது. ஆய்வாளர் ஜன்னலைத் திறந்து பார்த்தார், கதவைப் பூட்டிப் பார்த்தார். மாடிப்படிக்கு முப்பது நாளில் கைப்பிடி வைக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபம் இன்னும் பாக்கி இருந்தது.

"அந்தக் கடைக்கு எதுக்குப் போனீங்க?"

மெக்கானிக் தரையைப் பார்த்தார். "பதியாத அறைக்கு சீல் வைப்பாங்கன்னு சொன்னாங்க. உங்ககிட்ட வந்தா, எதுக்கு வம்புன்னு என்னைக் காலி பண்ணச் சொல்லிடுவீங்களோன்னு பயம். வேற எங்கக்கா போவேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

"நான் ஏன் பதியலைன்னு நினைச்சீங்க? பதியப்போய் நீங்க போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னுதான்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். உள்ளே போய்ப் பையைக் குடைந்து டேப்பை எடுத்து வந்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா. கைப்பிடிக்கு அளவெடுக்கணும்."