அப்பாவின் பைக் ஏன் நீலமானது

விற்றுவிடலாமென்று வெண்ணந்தூர் வீட்டில் அப்பாவின் பழைய பைக்கை இன்று துடைத்துக்கொண்டிருந்தேன். இன்ஜினை ஒட்டிய சைலன்சர் குழாய், அதிகச் சூடு பட்டதுபோல் நீலம் பாய்ந்திருந்தது.

பார்வை மங்கியதால் அப்பா போன வருடமே வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். சும்மா நிற்கிற வண்டியில் ஏது இவ்வளவு சூடு?

மெக்கானிக் வந்து கார்புரேட்டரைப் பார்த்தார். எங்காவது காற்று கசிகிறதா என்றும் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை. அம்மாவிடம் கேட்டார்:

"ஏனுங்க்கா, வண்டிய நிக்க வெச்சே ரொம்ப நேரம் முறுக்கறீங்களா? காத்துப் படாம சூடேறுனா குழாய் இப்படித்தானுங்க ஆகும்."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாதான் மெதுவாக வாயைத் திறந்தார்.

"தெனமும் செத்த நேரம் மேல உக்காந்து ஸ்டார்ட் பண்ணுவேன் சாமி. ஓட்டக் கூடாதுன்னுதான சொன்னீங்க?"

"எங்க வெச்சுங்கப்பா?"

"ஷெட்டுக்குள்ளதான். பொகை வெளிய வந்தா உங்கம்மா கண்டுபுடிச்சிருவான்னு ஷட்டரை எறக்கிக்குவேன்."

அந்த ஷெட்டில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. பக்கத்தில் ஓடும் தறிச் சத்தத்தில் இன்ஜின் சத்தம் எங்களுக்குக் கேட்கவே இல்லை. புகையில் மயங்கி விழுந்திருந்தால் ஷட்டரைத் திறந்து பார்க்க யாருக்குத் தோன்றியிருக்கும்?

"அப்பப்ப தலை சுத்துச்சு. வயசாயிருச்சுன்னு நெனச்சேன்" என்கிறார், சாதாரணமாக!

அம்மா அழுதுகொண்டே சாவியைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார். வண்டியை விற்கவில்லை. அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து மல்லசமுத்திரம் வரை போய்வந்தேன். வழியெல்லாம், "இன்னுங் கொஞ்சம் முறுக்கு சாமி!"

உங்கள் அப்பா இந்த நேரத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.