அடுத்த கடை எதிரி நாடு

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எழுத்து கோணல்மாணலாக வரும், நடுவில் மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளுக்குப் போகிற ரோட்டில் என் மகன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். சமையல் நான். ஒருநாள் திருவள்ளூரில் வியாபாரிகளுக்கு நடந்த வகுப்புக்குப் போய்வந்தான். அந்தக் காலத்து ராஜாக்கள் நாட்டை ஆண்ட மாதிரி இப்போது வியாபாரம் பண்ணவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்களாம்.

"பக்கத்து நாட்டுக்காரன் எதிரிம்மா. அவனுக்கு அந்தாண்ட இருக்கறவன் நமக்கு நண்பன். இதான் ரூல்."

பக்கத்துக் கடையும் சாப்பாட்டுக் கடைதான். அதை நடத்துகிறவளுக்கு என் வயசு. கறிவேப்பிலையிலிருந்து கேஸ் சிலிண்டர் வரைக்கும் இருவரும் மாற்றிக்கொள்வோம். மகன் வகுப்புக்குப் போய்வந்த அன்றோடு பேச்சே நின்றது. அவளுக்கு அந்தாண்ட இருந்தது பஞ்சர் கடை. நண்பன் ஆயிற்றே என்று காலையில் அவருக்கு இட்லி போனது. அவரும் ஏன் என்று கேட்காமல் சாப்பிட்டார்.

இப்படி இருக்கையில் ஒரு கம்பெனியில் மதியச் சாப்பாடு கேட்டார்கள். ஒருநாள் சாப்பிட்டுப் பார்ப்பார்கள், பிடித்தால் தினமும் எங்களுக்கே ஆர்டர். அது கிடைக்காவிட்டால் கடையை மூடவேண்டியதுதான். அன்றைக்குப் பார்த்து, சோறு பாதி வேகும்போது கேஸ் தீர்ந்தது. மகன் நண்பன் நாட்டுக்கு ஓடினான்.

"எங்கிட்ட ஏது நைனா சிலிண்டரு?" என்றார் பஞ்சர்காரர். "காத்து கீது. எவ்ளோ வேணும்?"

யாரிடமும் போய் ஒன்று கேட்க எனக்குக் கூச்சம். பக்கத்துக் கடை வாசலில் போய் நின்றேன்.

"இன்னா ராஜமாதா, எதிரி நாட்டாண்ட வந்து நிக்கற?" என்றாள் அவள். ராஜா, எதிரி நாடு என்று மகன் போனில் யாரிடமோ கத்திப் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது.

"சோறு பாதியில நிக்குது" என்றேன்.

"சிலிண்டரு தரேன். நீ தூக்காத. ராஜா வந்து தூக்கினு போவட்டும்."

அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். தோளில் ஏற்றிவிட்டு, "மெதுவா போ, கிரீடம் உழுந்துடப்போவுது" என்றாள்.

சாப்பாடு நேரத்துக்குப் போனது, ஆர்டரும் கிடைத்தது. எங்கள் அடுப்புக்கு அது அதிகம் என்பதால் பாதியை அவளுக்கே கொடுத்தான்.

"எதிரியாச்சேடா?" என்றேன்.

"தேவைப்பட்டா எதிரியோட ஒப்பந்தம் போட்டுக்கலாம்மா. மத்தியானத்துக்கு மேல அதையும் சொன்னாங்க."

அந்த வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அப்படித்தான் சொன்னார்களா, நடுவில் இவன் தூங்கிவிட்டானா என்று சரிபார்த்துச் சொல்லுங்கள். எங்களுக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடை இருக்கிறது, அதுவும் பக்கத்து நாடுதானே. டீக்கடைக்காரரைப் பார்த்தால் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் குனிந்தே போய்வருகிறேன்.