பாதி சாண்ட்விச்சும் அப்பாவின் விரதமும்

சீஸ் மசியலை இப்போதும் வீட்டில் செய்கிறேன். டப்பாச் சீஸைத் துருவி, சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரித்து நறுக்கிப் போடும்வரை கை தடையில்லாமல் ஓடும். முட்டையை எடுத்ததும் நின்றுவிடும். எழுபது வயதாகியும் இந்தக் குழப்பம் தீரவில்லை.

அறுபதுகளில் அம்மா மலைமேலே செண்பகனூர்ப் பக்கம் ஓர் அமெரிக்கத் துரைசானியின் பங்களாவில் சமையல் செய்தாள். இந்த மசியல் துரைசானியின் சொந்த ஊர்ப் பண்டமாம். அங்கே இது இல்லாத வீடே கிடையாதாம். நம் ஊர் ஊறுகாய் போல என்று நினைத்துக்கொண்டேன். மிச்சத்தை அம்மா கிண்ணத்தில் கொண்டுவருவாள். பங்களாவில் ரொட்டியின் ஓரத்தை வெட்டி எறிவார்கள். எங்கள் வீட்டில் அந்த ஓரத்துக்குத்தான் சண்டை.

எனக்கு ஒன்பது வயதில் டைபாய்டு வந்தது. காய்ச்சல் இறங்கியும் சோறு இறங்கவில்லை, கஞ்சியைக்கூடத் துப்பினேன். அப்பா பழனிக்காரர், எங்கள் மலையூர்க் கடைவீதியில் பூண்டு வியாபாரம். பிள்ளை பிழைத்தால் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டு விரதம் இருந்தார். கவிச்சி தொடமாட்டார். மாசிப் பனியில் வெறுங்காலோடு கடைக்குப் போவார்.

ஒரு சாயங்காலம் துரைசானி எனக்கென்று மசியல் கொடுத்தனுப்பினாள். அம்மா அதை இரண்டு ரொட்டிக்கு நடுவே தடவித் தட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு வாய் தின்னு தாயி."

"நீங்க தின்னாத்தான் திம்பேன்."

"அப்பா விரதம்ல?"

"சீஸுன்னா பாலுதானப்பா."

பாதியைப் பிய்த்து நீட்டினேன். முகர்ந்தார், என்னைப் பார்த்தார், வாயில் போட்டுக்கொண்டார். மீதியை நான் ஓரம்கூட விடாமல் தின்றேன். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் எனக்குப் பசித்தது.

நடக்கத் தெம்பு வந்ததும் அம்மாவோடு பங்களாவுக்குப் போனேன். அம்மா மஞ்சள்கருவில் எண்ணெய் விட்டு அடித்து மசியலில் கொட்டினாள். அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"இதுல முட்டையா?"

"பின்ன? எப்பவும் போடுறதுதான். உங்கப்பாவுக்குக் குடுத்துறாத, விரதம் கெட்டுரும்."

கெட்டாயிற்று! அதுவும் என் உயிருக்காக இருந்த விரதம். சொன்னால் அப்பா நொறுங்கிப்போவார். சொல்லாவிட்டால் முருகன் என்னைக் கொண்டுபோய்விடுவான். என்ன செய்வதென்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டேன். அப்பா காவடியோடு மலையிறங்கிப் பழனிக்குப் போனார். அவர் திரும்பும்வரை என் நெற்றியை நானே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். காய்ச்சல் வரவில்லை. அதுவும் பயமாகத்தான் இருந்தது. சாமி மறந்துவிட்டதா, இல்லை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறதா?

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு ஒருநாள் துணிந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"முட்டை வாடை எனக்குத் தெரியாதாக்கும்? மோந்தவுடனே தெரிஞ்சிருச்சு."

"தெரிஞ்சேவா தின்னீங்க?"

"நான் துப்பியிருந்தா நீயும் துப்பியிருப்ப தாயி."

"அப்ப காவடி?"

"கெட்ட விரதந்தான்னு அவன்கிட்டச் சொல்லிட்டுத்தான் தூக்குனேன்."

அன்று முழுக்க அழுதேன். என்னைப் பிழைக்கவைத்தது அவர் காத்த விரதமா, கெடுத்துக்கொண்ட விரதமா என்று இன்னும் விளங்கவில்லை. முட்டையை உடைக்கத்தான் செய்கிறேன். உடைக்கும் முன் ஒருமுறை நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.