மொத ரவுண்டு செல்வராஜ்

செல்வராஜ் போயிட்டான்.

இன்னைக்கு விடியக்காலையில, நாரணாபுரத்துல, வீட்டுலயே... ஹார்ட் அட்டாக். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு.

என் பதிவுகளைப் படிக்கிறவங்களுக்கு அவனைத் தெரியும். "மொத ரவுண்டு" செல்வராஜ். ஸ்நூக்கர் ஆட்டக்காரன். எங்க போய் ஆடுனாலும் மொத ரவுண்டுலயே தோத்துட்டு வர்றவன்னு நான் வாராவாரம் எழுதி, நீங்க வாராவாரம் சிரிச்சீங்களே... அவன்தான்.

பேரு வச்சது நான்.

எங்க ஊர்ல ஸ்நூக்கர்னா, முதலாளிமாரு கிளப்புல பச்சைத் துணி போட்ட மேஜையைச் சுத்தி நின்னு பொழுதுபோகாம தட்டுறது. அதைப் போயி ஒருத்தன் பொழைப்பா எடுத்துக்குவானா? இவன் எடுத்துக்கிட்டான். தீபாவளி சீசன்ல பட்டாசுக் கம்பெனியில லோடு ஏத்தி விடுற வேலை. மத்த மாசமெல்லாம் பூனா, இந்தூர், பாங்காக்... ரெண்டு வருஷம் இங்கிலாந்துல புரொஃபஷனலாவும் ஆடுனான்.

ஒருதடவை நானும் அவனும் ஏழாயிரம்பண்ணை பஸ்ல போறோம். அவன் மடியில நீளமா ஒரு பொட்டி, உள்ள ஆடுற குச்சி. கண்டக்டர் பார்த்துட்டு, "அண்ணாச்சி, நாயனம்தான அது? எங்கன கல்யாணம்?"ன்னாரு.

இவன் அசரவே இல்ல. "பொண்ணு வீட்டுல கூப்பிட்டிருக்காகண்ணே"ன்னுட்டான்.

"ஏம்லே பொய் சொன்னே?"ன்னேன்.

"ஸ்நூக்கர்னு சொல்லி வெளங்க வைக்கிறதுக்குள்ள நம்ம ஸ்டாப் வந்துரும் மாப்ளே."

இங்கிலாந்துல இருந்து வந்தப்ப, என்னலே ஆச்சுன்னு கேட்டேன்.

"எதிராளி ஆடிக்கிட்டே இருக்கான். அவன் தப்பு விடுற வரைக்கும் நாம ஓரமா சேர்ல உக்காந்திருக்க வேண்டியதுதான். தண்ணி குடிச்சேன். மறுபடியும் தண்ணி குடிச்சேன். அம்புட்டு தூரம் போயி நல்லா தண்ணி குடிச்சுட்டு வந்தேம்லே."

இதை எழுதித்தான் எனக்கு ஃபாலோயர்ஸ் ஏறுச்சு.

அன்னைக்கே அவன் இன்னொண்ணும் சொன்னான். அந்த மொத ரவுண்டுல போய் நிக்கிறதுக்கே, முன்னாடி தகுதிப் போட்டியில மூணு பேரை ஜெயிக்கணும்... ஜெயிச்சுட்டுத்தான் போனேன்னு. அதை நான் எழுதல. எழுதுனா ஜோக் கெட்டுரும்.

இன்னைக்குக் காலையில, பிரஸ் வச்சிருக்க நம்ம பால்பாண்டி, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் டிசைனை வாட்ஸ்அப்ல அனுப்பி "சரியான்னு பாருங்கண்ணே"ன்னான். அழுதுக்கிட்டிருந்தேன். போட்டோவை மட்டும் பார்த்துட்டு ஓகேன்னு கட்டைவிரலை அனுப்பி விட்டேன்.

அங்க போய் இறங்குறேன்... தெருப்பூரா ஒட்டியிருக்கு. "செல்வராஜ் என்கிற மொத ரவுண்டு." கொட்டை எழுத்துல.

போஸ்டர்ல பட்டப்பேரு போடுறது இங்க வழக்கம். பால்பாண்டியைச் சொல்லிக் குத்தமில்ல.

செல்வராஜ் மக ரேவதி, திருப்பூர்ல இருந்து மாமனார் வீட்டாரோட கார்ல வந்து இறங்குச்சு. போஸ்டருக்கு நேரா.

கொஞ்ச நேரம் கழிச்சு எங்கிட்ட வந்துச்சு. "மாமா, மொத ரவுண்டுன்னா என்னன்னு எங்க மாமனார் கேக்காக. அப்பா ஆட்டத்தைப் பத்தி எங்கிட்ட பேசுனதே இல்ல... அவுக நல்லா ஆடுவாகளா?"

"நல்லா ஆடுவான்ம்மா."

"அதை மாமனார்கிட்ட வந்து சொல்றீகளா? நான் சொன்னா அப்பா மேல இருக்க பாசத்துல சொல்றேன்னு நினைப்பாக."

போனேன். பந்தல்ல உக்காந்திருந்தாரு. நான் போய் நின்னதுமே, பக்கத்துல இருந்த நம்ம பயலுக முகத்துல ஒரு சிரிப்பு ரெடியாகுது. நான் வாயைத் தொறந்தா என்ன வரும்னு அவங்களுக்குத்தான் தெரியுமே.

"ஐயா, செல்வராஜ் பெரிய ஆட்டக்காரன். அந்த மொத ரவுண்டுக்குப் போறதே லேசுப்பட்ட காரியம் இல்ல..."

பின்னாடி ஒருத்தன் களுக்குன்னு சிரிச்சுட்டான்.

மாமனாரும் மரியாதைக்கு லேசா சிரிச்சாரு. "நீங்க நல்லா தமாஷ் பண்ணுவீங்கன்னு சொன்னாங்க"ன்னாரு.

"இல்லைங்கய்யா, நெசமாவே..."ன்னு ஆரம்பிச்சேன். இன்னும் ரெண்டு பேரு சிரிச்சாங்க.

ரேவதி தலையைக் குனிஞ்சுக்கிட்டு உள்ள போயிருச்சு.

இந்தப் பதிவுல ஜோக் எதுவும் இல்ல. கமெண்ட்ல தயவுசெஞ்சு அந்தப் பேரைப் போடாதீங்க.

சாயங்காலம் எடுத்தாச்சு.

போயிட்டு வாலே செல்வராஜு... உனக்காக நான் பேசுனதை ஒருத்தரும் நம்பலடா.