டம்ளருக்கு டம்ளர்

சேலையூரில் கணக்கு டீச்சர் ஞானஜோதி. பாட நடுவில் எந்தப் பிள்ளை எழுந்து "பாத்ரூம் போலாமா மிஸ்?" என்றாலும் இருபது வருஷமாக ஒரே பதில்தான்: "பெல் அடிக்கட்டும், உக்காரு!"

அவள் வகுப்பிலேயே படிக்கும் மகள் ஹெப்சிக்கு மறுநாள் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கப் போகிறார்கள். வயிற்றைக் கழுவும் மருந்துத் தண்ணீரைக் கண்டதும் வாயை இறுக்கிக்கொண்டாள்.

"நீயும் குடிச்சாத்தான் குடிப்பேன்!"

டீச்சராச்சே, தோற்பாளா? ஜெபம் பண்ணிவிட்டு டம்ளருக்கு டம்ளர் ஈடுகொடுத்தாள். இருவருக்கும் ஒரே சிரிப்பு.

அரைமணியில் இரண்டு வயிறும் கடமுடவென்றன. வீட்டிலோ ஒரே கக்கூஸ். ஹெப்சி முந்திக்கொண்டாள். ஞானஜோதி வாசலில் குதியாய்க் குதித்தாள்.

"தங்கம், சீக்கிரம் வாடி! அம்மாவால முடியலடி!"

உள்ளேயிருந்து கணீரென்று வந்தது பதில்:

"பெல் அடிக்கட்டும் மிஸ், உக்காருங்க!"